மானியத்துக்காக மறைத்த விசிறி

1

பதினோரு நாட்களாக எங்கள் வீட்டுக் குழாயில் வெந்நீர் இல்லை. வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்கிறது. காலையில் இரண்டு பெரிய பாத்திரங்களில் தண்ணீரைச் சுடவைத்து, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், வாளியில் விளாவி, மகள் ஜெனியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறேன். அடுத்த வாளி என் மனைவி எஸ்தருக்கு. அவளுக்கு இது ஆறாவது மாதம். தண்ணீர் மிச்சம் இருந்தால் எனக்குக் குளியல். இல்லாவிட்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

நியூ ஜெர்சியில், பார்சிப்பனிக்குப் பக்கத்தில், கடனில் வாங்கியதானாலும் சொந்த வீடு. "அமெரிக்கா போயும் அடுப்பில்தான் வெந்நீர் வைக்கிறானா" என்று ஊரில் இருக்கிற நண்பர்கள் கேலி பண்ணுவீர்கள். பண்ணுங்கள். இதுவரை நான் உங்களுக்கு எழுதியதெல்லாம் இங்கே என்னை யார் யார் எப்படி ஏமாற்றப் பார்த்தார்கள் என்பதைத்தான். பழைய காரைத் தலையில் கட்டப் பார்த்தவர், வாடகை வீட்டு ஏஜென்ட், போனில் வரி ஆபீஸ் என்று மிரட்டியவன். ஒவ்வொன்றையும் நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகவே எழுதியிருக்கிறேன். இந்த முறை அப்படி எழுத வழியில்லை.

2

போன செப்டம்பரில் கேஸ் பில்லோடு சேர்ந்து ஒரு கடிதம் வந்தது. எஸ்தர் இரண்டாவது முறை உண்டாகியிருப்பது உறுதியான அதே வாரம். பழைய வீடுகளுக்கு அரசு மானியத்தில் இன்சுலேஷன் போட்டுத் தருகிறோம் என்றது கடிதம். மேற்கூரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, காற்று நுழைகிற சந்துகளை எல்லாம் பூசித் தருவார்கள். வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால் பெரும்பகுதி இலவசம். முதலில் ஒருவர் வந்து வீட்டைப் பரிசோதிப்பார். அதுவும் இலவசம்.

எங்கள் வீட்டுக்கு அறுபது வயதுக்கு மேல். முதல் குளிர்காலத்திலேயே தெரிந்துவிட்டது: ஜன்னலைச் சாத்தியிருக்கும், திரைச்சீலை ஆடிக்கொண்டிருக்கும். எஸ்தர் ஸ்வெட்டரோடும் காலுறையோடும்தான் தூங்குவாள். அவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா, ஒரே சம்பளம், வரம்புக்குள் வந்தோம். பிறகென்ன, அப்ளை பண்ண வேண்டியதுதானே என்பீர்கள்.

எனக்குக் கடிதத்தைப் படிப்பது அப்படி லேசான வேலை இல்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். மூன்றாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வந்த கடிதம், நோட்டீஸ், ரசீது எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொன்னேன். தப்பாகப் படித்தால் அடி விழாது. ஆனால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அதில் தெரிவதுதான் செய்தி என்பதுபோல. அப்போது வந்த பழக்கம்: எந்தக் கடிதத்தையும் கீழேயிருந்து படிப்பேன். பொடி எழுத்து முதலில்.

இதில் பொடி எழுத்தில் ஒன்றும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற சுந்தர் அண்ணனிடம் காட்டினேன். சென்னைக்காரர். எனக்கு முன்னால் வந்து எல்லா அடியும் பட்டவர் என்பதால் எங்கள் வட்டாரத்தில் எதற்கும் அவரைத்தான் கேட்போம்.

"டேய், ஃப்ரீன்னு சொன்னா முதல்ல பின்பக்கம் திருப்பிப் பாரு."

"பார்த்துட்டேன் அண்ணே. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா அதான்டா டேஞ்சர். கவர்மென்ட் காசை வாங்கி வீட்டுக்குப் பஞ்சு அடைச்சிட்டு, நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல 'நீ எங்க காசுல பொழைச்ச ஆளா'ன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அன்றைக்கே வக்கீலுக்கு மெயில் அனுப்பினேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாக விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பத்து நிமிடத்தில் வந்தது. பத்து நிமிடத்தில் பதில் போடுகிறவர் என் கேள்வியை முழுக்கப் படித்திருப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் சொன்னேன்.

"சும்மாவா குடுக்காவ? யாருக்கு ஓட்டுப் போடச் சொல்லுதாவ?"

"எனக்கு இங்க ஓட்டே கிடையாதுப்பா."

"பெறகு எதுக்குலே குடுக்காவ?"

ஆனாலும் அப்ளை பண்ணினேன். எஸ்தர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு படுப்பதைப் பார்த்துவிட்டுப் பண்ணாமல் இருக்க முடியவில்லை.

3

வீட்டைப் பரிசோதிக்க ஆள் வருகிறார் என்றால் என் உடம்பு என்ன செய்யும் என்பதைப் புரியவைக்க ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. ஏழைகள் பட்டியல் எடுக்க அதிகாரி வருகிறார் என்று எங்கள் தெருவில் பேச்சு. பட்டியலில் பேர் இருந்தால் வீடு கட்ட உதவி கிடைக்கும். டிவி, மிக்சி இருக்கிற வீட்டின் பேரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எங்களிடம் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. மூன்றாவது கைமாறி வந்தது. படத்தில் எப்போதும் மழை பெய்யும். அப்பா அதை அம்மாவின் சேலையில் சுற்றிப் பக்கத்து வீட்டு மரியம்மை அக்கா வீட்டில் வைத்தார். அதிகாரி எங்கள் வீட்டை முடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குத்தானே போவார்? டிவி பின்வாசல் வழியாக மூன்றாவது வீட்டுக்குப் போனது. அங்கேயிருந்து அவர்கள் மிக்சியையும் சேர்த்துக்கொண்டு நாலாவது வீட்டுக்கு. தெரு முடிகிறபோது எல்லாச் சாமானும் வேதக்கோயில் சாமான் அறையில் குவிந்துவிட்டது. வெயிலில் நடந்து களைத்த அதிகாரி தண்ணீர் கேட்டு அங்கேயே வந்து நின்றார். பாடகர் குழு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மூன்று டிவி, ஆறு மிக்சி. பார்த்தார். தண்ணீரைக் குடித்தார். போய்விட்டார்.

பட்டியலில் எங்கள் பேர் வந்தது. அவர் பார்த்தும் எழுதவில்லையா, பார்த்ததற்கும் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லையா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெரு எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: முதலில் மறை, பிறகு வணக்கம் சொல். அவர் கையிலிருந்த தாளைத் தலைகீழாகப் படித்து, எந்தக் கட்டத்தில் என்ன கேள்வி இருக்கிறது என்று ஓடிப்போய்ச் சொன்னவன் நான்தான். அன்றைக்குத் தெருவே என்னைத் தட்டிக்கொடுத்தது.

4

என் வீட்டில் மறைக்க இரண்டு விஷயங்கள் இருந்தன.

முதலாவது, வீட்டுக்கு அடியில் இருக்கிற நிலவறையில், அதாவது பேஸ்மென்டில், ஒரு மின்சார அடுப்பும் ஒரு பெரிய விசிறியும். இங்கே தமிழர் வீடுகளில் இது புதிதில்லை. முன்னால் இருந்த அப்பார்ட்மென்டில் எஸ்தர் மீன் பொரித்தால் மேல்வீட்டிலிருந்து புகார் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஜெனி முதல் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, "ஐ ஸ்மெல் லைக் டின்னர்" என்றாள். பக்கத்தில் உட்கார்கிற பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாளாம். சொந்த வீடு வாங்கியதும் பேஸ்மென்டில் பொரிப்பு அடுப்பு வைப்பது என்று அன்றைக்கே முடிவு பண்ணினோம். சுந்தர் அண்ணனும் நானும் பேஸ்மென்ட் ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, பட்டறைகளில் போடுகிற மாதிரி ஒரு விசிறியைப் பொருத்தினோம். போட்டால் ஐந்து நிமிடத்தில் மீன் வாசம் இருக்காது. டவுன்ஷிப்பில், அதாவது ஊர் நகராட்சியில், அனுமதி வாங்கவில்லை. பேஸ்மென்டில் இரண்டாவது அடுப்பு இருந்தால் திருட்டுத்தனமாக வாடகைக்கு விடுகிறான் என்று இங்கே அபராதம் போடுவார்கள்.

இரண்டாவது, அலாரம். புகைக்கும், கேஸ் எரிகிற புகையில் வாசமே இல்லாமல் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக்கும் சேர்த்து அலறுகிற வட்டக் கருவி. கடுகு தாளித்தால் அலறும்; வத்தல் வறுத்தால் அலறும். ஒரு மாதத்தில் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் பாதியில் அது டிராயரில்தான் இருக்கிறது.

பரிசோதனைக்கு நாள் கிடைக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. முந்தின நாள் அலாரத்தை எடுத்துச் சுவரில் மாட்டினேன். அடுப்பைக் கார் டிக்கியில் வைத்தேன். விசிறி மட்டும் கழற்ற வரவில்லை, திருகு துருவேறியிருந்தது. முன்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின் மேல் கிறிஸ்துமஸ் மரத்தின் பெட்டியை வைத்தேன்.

வந்தவர் பெயர் ரே. அறுபதை ஒட்டிய வயது. படி இறங்கும்போது முழங்கால் சத்தம் போடும். ஷூவுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். வாசல் கதவைத் திறந்து, அந்த இடத்தை ஒரு சிவப்புத் துணிச் சட்டத்தால் அடைத்து, அதன் நடுவில் இருந்த காற்றாடியை ஓடவிட்டார். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே இழுத்துத் தள்ள, வெளிக்காற்று எந்தெந்தச் சந்து வழியாக உள்ளே வருகிறது என்பது தெரிகிறது. பிளக் பாயின்ட் ஓட்டை வழியாகக் கூடக் காற்று வந்தது.

"வீட்டையே உறிஞ்சி எடுக்காருல்லா" என்றாள் எஸ்தர், புடவைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு. ஜெனிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஒவ்வொரு ஓட்டையிலும் கையை வைத்து "ஹியர், ஹியர்" என்று அவருக்குக் காட்டிக்கொண்டே போனாள்.

எனக்கோ ஒரே கண்காணிப்பு. எதை எழுதுகிறார், எதற்குப் போட்டோ எடுக்கிறார் என்று அவருடைய எழுதுபலகையில் இருந்த தாளைப் பக்கவாட்டில் படித்துக்கொண்டே நடந்தேன்.

பேஸ்மென்டில் தண்ணீர் ஹீட்டர் முன்னால் மண்டியிட்டார். எங்கள் ஹீட்டர் கேஸில் எரிகிறது. அதன் புகை பழைய செங்கல் சிம்னி வழியாகத் தானாக மேலே போக வேண்டும். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸும் ஒரு காலத்தில் அதே சிம்னியைத்தான் பயன்படுத்தியது. வீட்டின் பழைய உரிமையாளர் புது ஃபர்னஸ் வாங்கி அதற்குத் தனிக்குழாய் போட்டுவிட்டார். அவ்வளவு பெரிய சிம்னியில் இந்தச் சின்ன ஹீட்டர் மட்டும் தனியாக நிற்கிறது. இந்தத் தொழிலில் இதை அநாதை ஹீட்டர் என்பார்களாம். சிம்னி போதுமான அளவு சூடேறாமல் புகை தயங்குமாம்.

"வீட்டில் காற்றை வெளியே தள்ளுகிற எல்லா ஃபேனையும் போடு. அப்போதும் புகை மேலேதான் போகிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார். பாத்ரூம் விசிறிகள், சமையலறை விசிறி, துணி உலர்த்துகிற இயந்திரம் எல்லாவற்றையும் போட்டேன்.

"வேறு ஏதாவது ஃபேன் இருக்கிறதா?"

"இல்லை."

படியில் உட்கார்ந்திருந்த ஜெனி என்னைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"சும்மா இரு" என்றேன், தமிழில். மூடிக்கொண்டாள்.

ரே ஒரு புகைக் குச்சியை ஹீட்டரின் மேல்வாயில் காட்டினார். புகை கொஞ்சம் தயங்கி, பிறகு உள்ளே போனது. "பாஸ். ஆனால் மயிரிழையில்" என்றார். புது ஹீட்டரை விற்பதற்கு அடிபோடுகிறார் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

5

அதன் பிறகு காத்திருப்பு. வெப்சைட்டில் என் விண்ணப்ப எண்ணைப் போட்டால் "பரிசீலனையில்" என்று வரும். மதிய இடைவேளையில் போன் பண்ணினால் பியானோ இசை. இசைக்குப் பிறகு வருகிற பெண்குரல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லும். பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது, கான்ட்ராக்டருக்கு ஒதுக்கவில்லை. ஒதுக்கிவிட்டோம், அவருக்கு மார்ச் வரை இடமில்லை. உங்கள் கடைசிப் பெயரின் எழுத்துகள் பொருந்தவில்லை, வருமானச் சான்றை இன்னொரு முறை அனுப்புங்கள்.

என் பெயரில் கடைசிப் பெயர் என்பது அப்பாவின் பெயர். அப்பாவின் பெயரை அவர் கைநாட்டு வைத்த காலத்து ரேஷன் கார்டில் ஒருவிதமாகவும் என் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இங்கேயும் அது தாளுக்குத் தாள் மாறுவதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்ல? "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

வேண்டுமென்றே இழுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சலித்துப்போய் நாமே விலகட்டும் என்பதுதான் திட்டம். வெள்ளைக்காரன் பெயராக இருந்தால் இந்நேரம் பஞ்சு அடைத்திருப்பார்கள். சுந்தர் அண்ணனும் "அதேதான்டா" என்றார்.

சரி, இவர்கள் செய்யாவிட்டால் என்ன, நானே செய்கிறேன் என்று கிளம்பினேன். வீடியோ பார்த்து நோட்டில் குறிப்பெடுத்தேன், பரீட்சைக்குப் படிப்பதுபோல. ரே எங்கெல்லாம் காற்று வருகிறது என்று காட்டினாரோ அங்கெல்லாம் நுரை அடித்தேன். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். கதவுகளுக்கு ரப்பர் பட்டை. ஜனவரி நடுவில் திரைச்சீலை ஆடுவது நின்றது. எஸ்தர் ஒரு ஜோடிக் காலுறையைக் கழற்றினாள். எனக்கு ஒரே பெருமை. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். உங்களில் சிலருக்கும் வந்திருக்கும்.

அலாரம் மட்டும் மறுபடி டிராயருக்குப் போய்விட்டது. ரே வந்துபோன மறுநாளே வத்தல் வறுத்தோம்.

அந்த ஜனவரியில்தான் எஸ்தருக்குத் தலைவலி ஆரம்பித்தது. வந்தால் படுத்துவிடுவாள், குமட்டலும் சேர்ந்துகொள்ளும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. கர்ப்பத்தில் இப்படி வருவதுண்டு, தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் செலவு வைக்காமல் பேசுகிறாரோ என்று அவர் மீதும் எனக்குச் சந்தேகம். என் சந்தேகத்துக்கு எல்லோரும் கிடைத்தார்கள். என்னைத் தவிர.

6

ஒரு சனிக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து எஸ்தர் சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஜெனி நிமிராமலே சொன்னாள்:

"இட்ஸ் ஃபிஷ் டே. அம்மா ஆல்வேஸ் கெட்ஸ் இட் ஆன் ஃபிஷ் டேஸ்."

"என்ன சொல்லுதா?" என்றாள் எஸ்தர்.

"மீன் பொரிக்கிற அன்னைக்குத்தான் உனக்குத் தலை வலிக்குதாம்."

"மீன் வாடை எனக்கு ஒண்ணும் செய்யாதே. வயித்துப் புள்ளைக்கே மீனுதான் கேக்கு" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் பொரிக்கிற நாள் என்றால் பேஸ்மென்ட் விசிறி ஓடுகிற நாள். அன்றைக்கே வெந்நீரில் துணியும் துவைப்போம். ஹீட்டர் நிற்காமல் எரியும். எஸ்தர் அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நிற்பாள். ஹீட்டரிலிருந்து நாலடி.

கீழே இறங்கினேன். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஊதி அணைத்து, அதன் புகையை ரே காட்டிய மாதிரியே ஹீட்டரின் மேல்வாயில் காட்டினேன். புகை அங்கேயே நின்று சுழன்றது. விசிறியைப் போட்டேன். புகை என் முகத்துக்கு வந்தது. அதன் பின்னாலேயே சிம்னியிலிருந்து ஈரமான ஒரு வெப்பமும்.

நான் என்ன செய்திருந்தேன் என்பது நின்ற இடத்திலேயே புரிந்தது. விசிறி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. முன்பு அந்த இடத்துக்கு ஆயிரம் சந்து வழியாக வெளிக்காற்று வந்துகொண்டிருந்தது. எல்லாச் சந்துகளையும் நானே அடைத்துவிட்டேன். மிச்சம் இருந்த ஒரே வழி சிம்னி. அதன் வழியாக, மேலே போக வேண்டிய புகையெல்லாம் எஸ்தர் நிற்கிற இடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. டிராயரில் கிடந்த அலாரம் யாருக்குக் கத்தும்?

ஜன்னல்களைத் திறந்தேன். ஹீட்டரை அணைத்தேன். இவ்வளவும் சரியாகச் செய்தேன். அடுத்ததாக சுந்தர் அண்ணனுக்குப் போன் பண்ணினேன்.

"கேஸ் கம்பெனியைக் கூப்பிடாதே" என்றார் உடனே. "அவன் ரெக்கார்ட்ல ஏத்துவான். டவுன்ஷிப்புக்குப் போகும். இன்ஸ்பெக்ஷன்ல பொய் சொன்னதுக்கு மானியமும் போகும், பொய்யன்னு பேரும் வரும். கிரீன் கார்டு பைலை நினைச்சுக்கோ. முதல்ல விசிறியைக் கழட்டு. ரெண்டு நாள் கழிச்சு பிளம்பரை வச்சுப் பாத்துக்கலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே என் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டிருந்தது. துருவேறிய திருகில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது எஸ்தர் படியில் நின்றாள். தோளில் ஜாக்கெட்.

"எதுக்கு எல்லா ஜன்னலையும் தொறந்து போட்டிருக்கீய? என்ன செய்யுதீய அங்க?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவளுடைய ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"அன்னைக்கு அந்த மனுசன் கேட்டாருல்லா, வேற விசிறி இருக்கான்னு?"

"கேட்டார்."

"இப்பவும் அதைத்தான் கழத்திக்கிட்டு இருக்கீய."

நான் ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன். அவள் கேஸ் பில்லை எடுத்து, அதில் சிவப்பில் அச்சடித்திருந்த அவசர எண்ணைப் பார்த்துத் தானே போன் பண்ணினாள். எஸ்தர் இங்கிலீஷில் போன் பேச மாட்டாள். டாக்டர் ஆபீசுக்கும் நான்தான் பேசுவேன். "மை ஹவுஸ், பாய்ஸன் கேஸ். ஐ ஆம் பிரக்னன்ட். கம் நவ்" என்றாள். அதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது.

ஜெனியைக் கூட்டிக்கொண்டு காரில் போய் உட்காரச் சொன்னார்களாம். மூவரும் வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருந்தோம். பின்சீட்டிலிருந்து ஜெனி கேட்டாள், இந்த முறை தமிழில்: "அப்பா, இப்ப நான் சொல்லலாமா?"

7

கேஸ் கம்பெனி ஆள் அரை மணி நேரத்தில் வந்தார். ஹீட்டரின் வால்வை மூடி, பயன்படுத்தக் கூடாது என்ற சிவப்பு அட்டை ஒன்றைக் கம்பியால் கட்டினார். விசிறியைப் பார்த்தார், அதைப் போட்டு ஹீட்டரை எரியவிடவே கூடாது என்றார். டவுன்ஷிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எஸ்தரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கக் கூடாத அளவு இருந்தது. ஆனால் ஆபத்தான எல்லையைத் தொடவில்லை. மூக்கில் ஆக்சிஜன் மாட்டிச் சில மணி நேரம் வைத்திருந்தார்கள். ஸ்கேனில் குழந்தையின் இதயம் ஒழுங்காக அடித்தது. "இப்போதைக்கு எல்லாம் சரியாகத் தெரிகிறது. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்றார் டாக்டர். இப்போதைக்கு என்ற சொல்லை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். அந்த மூன்று வாரத்தில் இன்னும் பத்து நாள் பாக்கி.

ரேவுக்கு நான்தான் போன் பண்ணினேன். மூன்றாம் நாள் வந்தார். புகைக் குச்சியை எடுக்கும் முன், டிசம்பரில் எழுதிய தாளை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"நீ இல்லை என்றாய். நான் இல்லை என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது."

மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தப் பெட்டிகள் புதிதாக அடுக்கினவை என்று எனக்குத் தெரியும். தூசி இல்லை. நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது" என்றார். பிறகு எஸ்தரைப் பார்த்து, "குழந்தை?" என்றார். எஸ்தர் கட்டைவிரலை உயர்த்தினாள். அவர் மண்டியிட்டு வேலையைப் பார்த்தார்.

விசிறியே இல்லாமலும், அடைத்த வீட்டில் ஹீட்டர் தேறவில்லை. சிம்னியை நம்பாத வேறு வகை ஹீட்டர்தான் வைக்க வேண்டும் என்று எழுதினார். அதற்கும் மானியம் உண்டு. ஆனால் பழைய விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது, வீட்டில் இருக்கிற எல்லாக் கருவிகளையும் பட்டியலிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வரிசையில் கடைசியிலிருந்து. கைக்காசைப் போட்டு உடனே வைப்பதென்றாலும் பிளம்பருக்கும் டவுன்ஷிப் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் வைக்கப் போகிறோம்; பிளம்பர் அடுத்த வாரம் என்றார். இன்சுலேஷனுக்கு மட்டும் புதிய விண்ணப்பம்.

படிவம் நேற்று தபாலில் வந்தது. எட்டுப் பக்கம். அனுமதி இல்லாமல் பொருத்திய கருவிகள் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உண்டு என்று எழுதினேன். டவுன்ஷிப் வருமா, அபராதம் வருமா, வக்கீல் என்ன சொல்வார் என்று எல்லாச் சந்தேகமும் வரிசையாக வந்து நின்றன. அவை எங்கும் போய்விடவில்லை. சுந்தர் அண்ணன் இன்னமும் நான் செய்தது முட்டாள்தனம் என்றுதான் சொல்கிறார். அவர் வீட்டு பேஸ்மென்டைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். பேச்சை மாற்றுகிறார்.

கடைசிப் பக்கத்தில் வீட்டு உரிமையாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வீடு வாங்கியபோது அவ்வளவு பெரிய தாள்கட்டு முழுவதிலும் எஸ்தர் நான் விரலை வைத்த இடத்திலெல்லாம் மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தாள். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். படிக்கத் தெரியாதவள் இல்லை. படித்துப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தவள். இன்று காலை ஜெனியைப் பள்ளியில் விட்டுவந்து, படிவத்தைக் கடைசிப் பக்கம் தெரிகிற மாதிரி மடக்கி, பேனாவையும் மேலே வைத்து நீட்டினேன்.

அவள் பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். படிவத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"இது என்ன கேக்காவ?"

சொன்னேன்.

"நீங்க என்ன எழுதியிருக்கீய?"

சொன்னேன். அந்த வரியின் மேல் விரலை வைத்து, நான் சொன்னதும் அங்கே எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிறகு அடுத்த வரி. புரியாத சொல் வந்தால் என்னிடம் கேட்கவில்லை, போனில் தேடுகிறாள்.

அடுப்பில் அவளுக்கு வைத்த தண்ணீர் கொதித்துவிட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். அவள் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.